காவல்காரரை மலிவு விலைக்குப் பிடிக்கலாமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. சொன்னவர் அனுபவசாலி. கல்யாணமாவது ஒரு நாளில் முடிந்துவிடும். வீடு அப்படி முடியாது!

சென்னைக்கு மேற்கே, வானகரத்தில் இருந்து அம்பத்தூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது அயனம்பாக்கம். ஏரி உள்ள ஊர். இன்று வீடுகள் பெருகிவரும் ஊர். மணல் குவியலும் ஜல்லிக் குவியலும் அங்கே பழகிப்போன காட்சிகள்.

அந்த ஊரில் ஒரு குடும்பம் வீடு கட்டத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. காலையில் போனால் இரவுதான் திரும்புவார். காண்டிராக்டரைப் பேசி முடித்தாகிவிட்டது. பூமி பூஜையும் ஆகிவிட்டது.

அப்போது மனைவி கேட்கிறாள்:

"எல்லாம் சரிங்க. கூட நின்று பார்த்துக்கொள்வது யார்?"

"காண்டிராக்டர்தான் இருக்கிறாரே!"

"அவர் கட்டுகிறவர். அவர் சரியாகக் கட்டுகிறாரா என்று பார்க்கிறவர் யார்?"

கணவரிடம் பதில் இல்லை.

"என் அண்ணனை வரச் சொல்லட்டுமா? மேஸ்திரி வேலை பார்த்தவர். எத்தனை சட்டி மணலுக்கு எத்தனை சட்டி சிமெண்டு என்று அவருக்குத் தெரியும்."

"அவருக்கு வழிச்செலவு, சாப்பாடு, கூலி எல்லாம் கொடுக்க வேண்டுமே! எதிர் வீட்டுப் பையன் சும்மாதானே இருக்கிறான்? நாளைக்கு நூறு ரூபாய் கொடுத்தால் நிற்பான்."

"நிற்பான். நிற்க மட்டும்தான் செய்வான்!" என்கிறாள் மனைவி.

அந்த அம்மாள் சொன்ன ஒரு வரியில் பெரிய நீதி அடங்கி இருக்கிறது. அது வீட்டுக்கு மட்டும் அல்ல. சர்க்கார் கட்டும் பாலத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும், மழைநீர்க் கால்வாய்க்கும், மெட்ரோ ரெயிலுக்கும் அதே நீதிதான்.

மூன்றாவது ஆள்

சர்க்கார் ஒரு வேலையைச் செய்கிறது என்றால், அதில் இரண்டு பேர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர், பணம் கொடுக்கும் சர்க்கார். மற்றவர், கட்டிக் கொடுக்கும் காண்டிராக்டர்.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவரைப் பற்றி யாரும் பேசுவது இல்லை. அவர்தான் கட்டுமான மேலாளர். "திட்ட மேலாண்மை ஆலோசகர்" என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் அவர் தனி ஆள் அல்ல, ஒரு கம்பெனி.

அவருடைய வேலை என்ன?

வரைபடம் சரியா என்று பார்க்க வேண்டும். வந்து இறங்கும் கம்பியும் சிமெண்டும் சொன்ன தரத்தில் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். கான்கிரீட் போடும்போதே சிறு கட்டிகளாக வார்த்து எடுத்து, 7-ம் நாளும் 28-ம் நாளும் நசுக்கிப் பார்க்க வேண்டும். கால்வாய் என்றால் வாட்டம் பார்க்க வேண்டும். நடந்த வேலையை அளந்து, "இவ்வளவுக்குப் பணம் கொடுக்கலாம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை தாமதமானால் யாரால் தாமதம் என்று சொல்ல வேண்டும். தொழிலாளியின் தலையில் தொப்பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் பொதுப்பணித் துறையின் என்ஜினீயரும் ஓவர்சியருமே இதைச் செய்தார்கள். அளவுப் புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டு ஓவர்சியர் நடந்து வருவார். இன்றும் பல வேலைகளில் அவர்களே செய்கிறார்கள். ஆனால் வேலைகள் பெரிதாகிவிட்டன. பூமிக்கு அடியில் ரெயில் விடுகிறோம். எல்லா வித்தையும் ஒரே துறைக்குள் இருக்காது. ஆகவே, வெளியில் இருந்து ஆள் அமர்த்துகிறார்கள்.

இது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். நியூயார்க் நகரில் 110 மாடி இரட்டைக் கோபுரங்கள் இருந்தன. 2001-ம் ஆண்டில் விமானங்களை மோதித் தகர்த்தார்களே, அவைதான். 1960-களில் அந்தக் கோபுரங்களைக் கட்டத் தொடங்கியது, துறைமுக ஆணையம் என்ற பொது நிறுவனம். கட்டுமான மேலாளராக டிஷ்மன் என்ற கம்பெனியை அது அமர்த்தியது.

சென்னை மெட்ரோ ரெயிலின் முதல் திட்டத்துக்கும் பொது ஆலோசகர்கள் இருந்தார்கள். பல கம்பெனிகள் சேர்ந்த அந்தக் கூட்டணிக்கு எகிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி தலைமை தாங்கியது.

சுவர் சொன்ன சாட்சி

கண்காணிப்பு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு வெளிநாட்டுக் கதை வேண்டாம். சென்னையே சாட்சி.

புளியந்தோப்பில் கேசவப்பிள்ளை பூங்கா என்ற இடம். அப்போது குடிசை மாற்று வாரியம் என்று பெயர் கொண்டிருந்த சர்க்கார் வாரியம், ஏழைகளுக்கு அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டியது. மக்கள் ஆசையோடு குடியேறினார்கள். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சுவரில் கை வைத்தால் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது! சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். என்ஜினீயர்கள் மீது நடவடிக்கை வந்தது.

எல்லாம் நடந்தது. ஆனால் எப்போது நடந்தது? குடியேறிய பிறகு! பூசும்போதே ஒருவர் சுவரைச் சுரண்டிப் பார்த்து, "நிறுத்து!" என்று சொல்லி இருந்தால்? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கண்காணிப்பவருக்குச் சம்பளம்.

மழைநீர்க் கால்வாயும் அப்படித்தான். 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜம் புயல் வந்தபோது அம்பத்தூர்ப் பகுதி மக்கள் வெள்ளத்தில் தவித்தது மறக்கக்கூடியதா? கால்வாய்க்கு வாட்டம் தப்பினால், கால்வாய் இருந்தும் பயன் இல்லை. தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். மூடி போட்ட பிறகு வாட்டத்தை யார் பார்க்க முடியும்? மூடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

அண்ணா சாலைப் பாடம்

கண்காணிக்க ஆள் இருந்தாலும் வேலை நின்றுபோவது உண்டு. அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ சுரங்கம் தோண்ட ஒரு கூட்டு நிறுவனம் காண்டிராக்ட் எடுத்தது. வேலை மந்தமாகப் போயிற்று. 2015-ம் ஆண்டில் மெட்ரோ நிர்வாகம் அந்தக் காண்டிராக்டை ரத்து செய்தது. மறுபடி டெண்டர் விட்டு, வேறு ஆட்களைக் கொண்டு வேலையை முடித்தார்கள். டி.எம்.எஸ். நிலையத்தில் இருந்து வண்ணாரப்பேட்டை வரை ரெயில் ஓடத் தொடங்கியது 2019-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந்தேதி!

இப்படி ஒரு காண்டிராக்ட் பாதியில் முறிந்தால், அடுத்த கேள்வி என்ன? "பழைய காண்டிராக்டர் எவ்வளவு வேலை முடித்தார்? அவருக்கு எவ்வளவு பாக்கி? தாமதம் யாருடைய குற்றம்?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்வது, கண்காணித்தவர் அன்றன்று எழுதிய குறிப்பும் அளவும்தான். அந்தக் கணக்கு சுத்தமாக இருந்தால் சர்க்காருக்குப் பலம். அரைகுறையாக இருந்தால் வழக்கில் சர்க்காரின் கை தாழும். போவது மக்கள் பணம்.

குறைந்த விலைச் சட்டம்

சரி, இந்தக் காவல்காரரை எப்படித் தேர்ந்து எடுப்பது?

எல்லோருக்கும் தெரிந்த வழி டெண்டர். தமிழ்நாட்டில் இதற்கு 1998-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். டெண்டர்களில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்பதற்கான சட்டம். அது 2000-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

நல்ல சட்டம். டெண்டரை எல்லோரும் அறிய விளம்பரம் செய்ய வேண்டும். தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டும். விலை அதிகமாகத் தெரிந்தால், அந்தக் குறைந்த விலைக்காரரோடு மட்டுமே பேரம் பேசலாம். கிடைக்காதவருக்கு மனக்குறை இருந்தால், 10 நாளுக்குள் சர்க்காரிடம் அப்பீல் செய்யலாம்.

வேண்டியவருக்குத் தூக்கிக் கொடுப்பதை இந்தச் சட்டம் தடுக்கிறது. சிமெண்டு வாங்கவும் கம்பி வாங்கவும் குறைந்த விலை பார்ப்பதில் தவறே இல்லை. ஒரே தரத்துச் சிமெண்டு எந்தக் கடையில் வாங்கினாலும் சிமெண்டுதான்.

ஆனால் அறிவை அப்படி வாங்க முடியுமா? கண்ணில் ஆபரேஷன் என்றால், "யார் மலிவாகச் செய்வார்?" என்றா டாக்டரைத் தேடுகிறோம்?

இரண்டு கவர்

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து இருக்கிறார்கள். இரண்டு கவர் முறை.

ஆலோசகர் வேலைக்கு வரும் கம்பெனி இரண்டு கவர்களைக் கொடுக்க வேண்டும். முதல் கவரில் அனுபவம், ஆட்கள், வேலை செய்யும் முறை ஆகியவை இருக்கும். இரண்டாவது கவரில் கட்டணம் இருக்கும்.

முதல் கவரை மட்டும் முதலில் பிரிப்பார்கள். மார்க்கு போடுவார்கள். பாஸ் மார்க்கு வாங்காதவரின் இரண்டாவது கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். பிறகு தரத்துக்கு இவ்வளவு, விலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கூட்டுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 100 கோடி ரூபாய் வேலை. கண்காணிக்க இரண்டு கம்பெனிகள் வருகின்றன. முதல் கம்பெனி தரத்தில் 90 மார்க்கு. கட்டணம் 3 கோடி. இரண்டாவது கம்பெனி 75 மார்க்கு. கட்டணம் 2 கோடி.

விலையை மட்டும் பார்த்தால் இரண்டாவது கம்பெனிக்கே வேலை.

தரத்துக்கு 80 பங்கு, விலைக்கு 20 பங்கு என்று வைத்தால்? குறைந்த கட்டணம் கேட்டவருக்கு விலையில் முழு மார்க்கு. 3 கோடி கேட்டவருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. கூட்டினால் முதல் கம்பெனிக்கு 85-க்குச் சற்று மேல். இரண்டாவது கம்பெனிக்கு 80. முதல் கம்பெனிக்கு வேலை!

அதே கணக்கில் பங்கைப் பாதிக்குப் பாதி என்று மாற்றுங்கள். முதல் கம்பெனிக்கு 78-க்குச் சற்று மேல், இரண்டாவதற்கு 87.5. மறுபடி மலிவு விலைக்காரர் ஜெயித்துவிடுகிறார்!

ஆகவே, ஆளை நிர்ணயிப்பது பங்குதான். அதைக் கவர் பிரித்த பிறகு மாற்ற இடமே இருக்கக் கூடாது. விளம்பரத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும்.

"1 கோடி அதிகம் ஆகிறதே!" என்று சிலர் கேட்கலாம். மோசமான கண்காணிப்பால் 100 கோடி வேலையில் 2 கோடி வீணானால் என்ன லாபம்? ஆடு விற்ற காசைக் கயிற்றுக்கே கொடுக்க வேண்டாம். ஆனால், கயிற்றுக்குக் கஞ்சத்தனம் செய்து ஆட்டையே தொலைக்கவும் வேண்டாம்.

வங்கிக்கு ஒரு நீதியா?

உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுக்கின்றன. சென்னையின் கொசஸ்தலையாற்றுப் பகுதி மழைநீர்க் கால்வாய்த் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ம் ஆண்டில் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடன் ஒப்புக்கொண்டது. இந்த வங்கிகளின் விதியில் ஆலோசகரைத் தேர்ந்து எடுக்கத் தரமும் விலையும் சேர்ந்த முறை உண்டு. மத்திய சர்க்காரின் 2017-ம் ஆண்டு நிதி விதிகளும் இந்த முறையை அனுமதிக்கின்றன. சாதாரண வேலைக்குக் குறைந்த கட்டணம் பார்க்கலாம் என்றும் அந்த விதிகளில் இருக்கிறது.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே 1972-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. மத்திய சர்க்கார் வேலைக்குக் கட்டிட நிபுணரையோ என்ஜினீயரையோ அமர்த்தும்போது, முதலில் தகுதியை மட்டும் பார்க்க வேண்டும். முதல் இடம் பெற்றவரோடு கட்டணம் பேச வேண்டும். நியாயமான கட்டணத்துக்கு அவர் ஒத்துவராவிட்டால், அடுத்தவரை அழைக்க வேண்டும்.

நம் ஊரிலும் பெரிய கடன் திட்டங்களில் தரம் பார்க்கிறோம். ஒரு தெருக் கால்வாய்க்கும், ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கும் அதே கவலை வேண்டாமா? கடன் கொடுத்த வங்கிக்குக் காட்டும் மரியாதையை, வரி கொடுத்த மக்களுக்கும் காட்ட வேண்டாமா?

நாதசுரக் கதை

நல்ல கம்பெனியைத் தேர்ந்து எடுத்தால் மட்டும் போதாது. ஒப்பந்தத்தையும் சரியாக எழுத வேண்டும்.

கல்யாணத்துக்குப் பேர்பெற்ற நாதசுர வித்துவானைப் பேசி அச்சாரம் கொடுக்கிறோம். முகூர்த்தத்தன்று அவருடைய சிஷ்யப் பையன் வந்து நிற்கிறான்! "அண்ணனுக்கு உடம்பு சரி இல்லை" என்கிறான். என்ன செய்ய முடியும்?

ஆலோசகர் வேலையிலும் இந்தக் கூத்து நடக்க இடம் உண்டு. கவரில் இருப்பது 25 ஆண்டு அனுபவம் உள்ள என்ஜினீயரின் பெயர். மார்க்கு வாங்கித் தருவதும் அந்தப் பெயர்தான். வேலை தொடங்கியதும் வருபவர் நேற்று படிப்பை முடித்த இளைஞர்! ஆகவே, "ஆளை மாற்ற வேண்டுமானால் சமமான தகுதியோ அதற்கு மேலோ உள்ளவரைத்தான் அனுப்ப வேண்டும், சர்க்காரின் சம்மதமும் வேண்டும்" என்று எழுத வேண்டும். எழுதினால் போதாது, மாதாமாதம் ஆஜர் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

சம்பளம் எப்படி?

கட்டணம் கொடுக்கும் முறையிலும் பொறி இருக்கிறது.

"மொத்தச் செலவில் இத்தனை சதவீதம்" என்று கொடுத்தால், செலவு கூடக் கூட ஆலோசகருக்கு லாபம். "மாதத்துக்கு இவ்வளவு" என்று கொடுத்தால், வேலை இழுக்க இழுக்க அவருக்கு லாபம். இரண்டும் ஆபத்து. அடித்தளம் முடிந்தால் ஒரு பங்கு, கட்டிடம் முடிந்தால் ஒரு பங்கு என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பது நல்லது. அதற்கும் ஒரு உச்ச வரம்பு வேண்டும். காண்டிராக்டர் பழுது பார்த்துத் தர வேண்டிய காலம் முடியும்வரை, ஆலோசகரின் கட்டணத்திலும் ஒரு பங்கை நிறுத்தி வைக்க வேண்டும். சுவர் உதிர்ந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

இன்னொன்று. அமெரிக்காவில் கட்டுமான மேலாளர்கள் இரண்டு வகை. ஒருவர், கூலி வாங்கிக்கொண்டு யோசனை சொல்லிக் கண்காணிப்பவர். மற்றவர், "இந்தத் தொகைக்கு மேல் போகாது, போனால் என் பொறுப்பு" என்று தாமே வேலையை ஏற்றுக்கொள்பவர். இரண்டாமவர் கிட்டத்தட்ட காண்டிராக்டரே. அவரைக் கண்காணிக்க இன்னொருவர் வேண்டும்! கண்காணிப்பவருக்கும் காண்டிராக்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் வேலியே பயிரை மேயும்.

நியாயமான சந்தேகம்

"தரம், தரம் என்று சொல்லிக்கொண்டு வேண்டியவருக்கே மார்க்கு போட்டுவிட்டால்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விலை, எண், யாரும் திருத்த முடியாது. மார்க்கு, மனிதர் போடுவது.

இதற்கு மருந்து வெளிச்சம்தான். எந்தத் தகுதிக்கு எத்தனை மார்க்கு என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மார்க்கு போடுபவர்களில் வெளி நிபுணர்களும் இருக்க வேண்டும். யாருக்கு எத்தனை மார்க்கு, ஏன் என்பதைத் தோற்றவருக்கும் சொல்ல வேண்டும். மக்களுக்கும் சொல்ல வேண்டும். திருடன் வருவான் என்று பயந்து வீட்டுக்குக் கதவே வைக்காமல் இருப்பார்களா? கதவு வைத்துப் பூட்டும் போடுவார்கள்.

பத்து ரூபாய் ஆயுதம்

வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் பலகையில் வேலையின் பெயர், தொகை, காண்டிராக்டரின் பெயர் ஆகியவற்றைப் பார்க்கலாம். அதில் கண்காணிப்பவரின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பெயர் வெளியே தெரிந்தால் பொறுப்பு தானாக வரும்.

எழுதாவிட்டால் கேட்கலாம். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் எல்லோருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம். அளவுப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்கலாம். நடக்கும் வேலையை நேரில் பார்க்கவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

சொந்த வீட்டுக்குக் காவல் நிற்க விவரம் தெரிந்த அண்ணனைத் தேடினாள் அயனம்பாக்கத்து மனைவி. எதிர் வீட்டுப் பையன் மலிவாகக் கிடைத்தும் வேண்டாம் என்றாள். வழிச்செலவு போனாலும் வீடு நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஊருக்காகக் கட்டும்போது, சர்க்காருக்கும் அந்த அறிவு வேண்டும். கட்டுகிறவரைத் தேடுவதற்கு முன்பே, காவல் நிற்கிறவரைத் தேட வேண்டும். தகுதியைப் பார்த்துத் தேட வேண்டும். நியாயமான கூலி கொடுக்க வேண்டும். தவறினால் பிடித்து நிறுத்த வேண்டும்.

மலிவாகக் கிடைத்த காவல்காரர் தூங்கினால், அந்தத் தூக்கத்துக்கு விலை கொடுப்பது மக்கள்தான்!